கார்பனா, டைட்டானியமா: ரோடு பைக் ஃபிரேம் தேர்வில் நான் கற்றவை

ரோடு பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள், வாங்க நினைக்கும் நண்பர்கள் கார்பன் ஃபிரேம் எடுப்பதா, டைட்டானியம் ஃபிரேம் எடுப்பதா என்று கேட்கும்போது, எடையைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ நான் முதலில் பேசுவதில்லை. வண்டி ஒருமுறை பலமாகக் கீழே விழுந்த பிறகு, அந்த ஃபிரேமைச் சோதித்து, இதில் ஏறி இறக்கத்தில் நம்பிக்கையோடு ஓட்டலாம் என்று சொல்லக்கூடியவர் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்றுதான் கேட்கிறேன். பல ஆண்டுகள் கார்பன் ஃபிரேமில் மட்டுமே ஓட்டி, பின்னர் என் உடலளவுக்குச் செய்த டைட்டானியம் ஃபிரேமுக்கு மாறி, இப்போது இரண்டையும் வைத்திருப்பவன் என்ற முறையில், இந்தத் தேர்வின் மையம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சவாரியின் மென்மை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி டயரிலிருந்து வருகிறது. எடையில் உள்ள வேறுபாடு போட்டியில் ஓடாதவருக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் அடிபட்ட ஃபிரேம் அந்த அடியை வெளியே காட்டுமா, உள்ளே மறைத்துக்கொள்ளுமா என்பது முழுவதும் பொருளின் இயல்பைப் பொறுத்தது. டயரை மாற்றியோ காற்றைக் குறைத்தோ அதைச் சரிசெய்ய முடியாது.

கார்பன் ஃபிரேம் என்று நாம் சொல்வது உண்மையில் கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். பிசினில் தோய்த்த இழைத் தாள்களைப் பல வடிவத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட கோணத்தில் அச்சுக்குள் அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக வைக்கிறார்கள். இழை தன் நீளவாட்டில்தான் மிகுந்த வலிமை உடையது; குறுக்குவாட்டில் பிசினின் வலிமை மட்டுமே மிஞ்சும். ஆகவே எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்று வடிவமைப்பவர் எடுக்கும் முடிவே ஃபிரேமின் குணமாகிறது. பெடலை மிதிக்கும் இடத்தில் விறைப்பாகவும், இருக்கையைத் தாங்கும் பகுதியில் சற்று நெகிழ்வாகவும் ஒரே ஃபிரேமைச் செய்ய முடிவது இதனால்தான். கார்பனின் உண்மையான சிறப்பு இதுவே என்று நான் நினைக்கிறேன். எடைக் குறைவு அதன் கூடவே வருகிற பயன்.

இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வழக்கமான கார்பன் இழையின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் சுமார் 230 கிகாபாஸ்கல். மேல்தர இழைகளில் அது 290 கிகாபாஸ்கலுக்கு மேல் போகிறது. இழையின் விறைப்பு கூடும்போது அதே வேலைக்குக் குறைந்த பொருளே போதும் என்பதால் குழாயின் சுவர் மெலிகிறது. மெலிந்த சுவர் மிதிப்பையும் ஓட்டத்தையும் நன்றாகத் தாங்கினாலும், பக்கவாட்டில் விழும் ஓர் அடியை அதே அளவுக்குத் தாங்காது. ஒரே ஃபிரேமை ஒரு நிறுவனம் இரண்டு தரங்களில் விற்கும்போது, போட்டியில் ஓடாதவர்கள் இரண்டாவது தரத்தை எடுப்பதே நல்லது என்று நான் எப்போதும் சொல்வதற்குக் காரணம் இது. நூறு இருநூறு கிராம் கூடுதலாக இருக்கும். தினமும் வண்டியைச் சுவரில் சாய்த்து, தூக்கி, ஏற்றி இறக்குகிறவருக்கு அந்தக் கிராம்கள் பாதுகாப்பு.

டைட்டானியத்தின் கதை வேறு. ரோடு பைக் ஃபிரேம்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 3 விழுக்காடு அலுமினியமும் 2.5 விழுக்காடு வனேடியமும் கலந்த உலோகக்கலவை. விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்குப் பயன்படும் அதே கலவை. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கொண்ட இன்னொரு கலவை அதைவிட வலிமையானது. ஆனால் அதைத் தையலற்ற மெல்லிய குழாயாக இழுப்பது கடினம் என்பதால், சக்கர அச்சு அமரும் டிராப்அவுட் போன்ற சிறு பாகங்களில்தான் அதை அதிகம் காணலாம். எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.8 கிராம் என்றால் டைட்டானியத்தின் அடர்த்தி சுமார் 4.5 கிராம். விறைப்போ எஃகின் விறைப்பில் பாதியைச் சற்றே தாண்டும். அதாவது, ஒரே விட்டமும் ஒரே சுவர்த் தடிமனும் உள்ள இரண்டு குழாய்களில் டைட்டானியக் குழாய் ஏறத்தாழ இரு மடங்கு வளையும். இதை ஈடுகட்டவே குழாயின் விட்டத்தைக் கூட்டுகிறார்கள். சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால் விறைப்பு ஏறத்தாழ விட்டத்தின் மும்மடிக்கேற்ப உயரும். 1970களில் தூய டைட்டானியத்தில் வந்த டெலிடைன் டைட்டன் போன்ற தொடக்ககால ஃபிரேம்கள் தளர்வாக வளைகின்றன என்று பெயர் எடுத்தன. 1980களின் பிற்பாதியில் மெர்லின், லைட்ஸ்பீட் ஆகிய அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் டைட்டானியத்தை மீண்டும் கையிலெடுத்த பிறகுதான் அந்தப் பெயர் மாறத் தொடங்கியது. ஆகவே டைட்டானியம் என்றாலே மென்மையான சவாரி என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. எந்த விட்டம், எந்தத் தடிமன் என்று கேட்காமல் அப்படிச் சொல்வதில் பொருளில்லை.

எடையை இங்கேயே முடித்துவிடுகிறேன். நல்ல கார்பன் ஃபிரேம் 800 முதல் 1,000 கிராம் வரையும், நல்ல டைட்டானியம் ஃபிரேம் 1,400 முதல் 1,600 கிராம் வரையும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், வேறுபாடு சுமார் 600 கிராம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால் அது முக்கால் விழுக்காடு. தொடர்ந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டிய செங்குத்தான மலைப்பாதையில், உழைப்பு முழுவதும் உயரம் ஏறுவதற்கே செலவாகிறது என்று கொண்டாலும், இழப்பு அரை நிமிடத்துக்கும் குறைவு. ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டி நிறைந்திருக்கும்போது உள்ள எடை இந்த 600 கிராமைவிட அதிகம். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து போட்டி வண்டிகளுக்கு 6.8 கிலோ என்ற குறைந்தபட்ச எடையை விதித்திருக்கிறது. அந்த எல்லையைத் தொட முயலும் போட்டியாளருக்கு ஃபிரேமின் ஒவ்வொரு கிராமும் கணக்கு. மற்றவர்களுக்கு அப்படியில்லை.

காற்றெதிர்ப்பில் மட்டும் கார்பனின் மேன்மையை மறுக்கவே முடியாது. சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் நாம் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அதில் ஓட்டுபவரின் உடல்தான் முதன்மையான தடை என்றாலும், குழாய்களின் வடிவமும் மறைத்துச் செல்லும் கேபிள்களும் சேர்ந்து ஒரு பகுதியைக் குறைக்கின்றன. அச்சில் வார்க்கும் கார்பனை விரும்பிய வடிவில் செய்யலாம். டைட்டானியக் குழாயைச் சற்றுத் தட்டையாக்கலாமே தவிர அந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது எளிதன்று. நேரத்துக்கு எதிராக ஓடும் போட்டியோ, வேகமான குழுவின் முன்வரிசையில் நெடுநேரம் இழுப்பதோ உங்கள் நோக்கமானால், இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளைப் பொருட்படுத்தாமல் கார்பனையே எடுக்கலாம்.

சவாரி சுகத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தே எழுத வேண்டும், ஏனென்றால் டைட்டானியம் வாங்குபவர்களில் பலர் இதற்காகவே வாங்குகிறார்கள். என் இரண்டு வண்டிகளிலும் ஒரே சக்கரங்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, கரடுமுரடான ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்று இருந்தபோது இரண்டு ஃபிரேம்களுமே கையையும் இடுப்பையும் அலுக்க வைத்தன. 30 மி.மீ. டயரில் 65 பி.எஸ்.ஐ. வைத்தபோது இரண்டுமே சுகமாக ஓடின. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே நான் உணர்ந்த வேறுபாட்டோடு ஒப்பிட்டால் கார்பனுக்கும் டைட்டானியத்துக்கும் இடையே உணர்ந்தது மிகச் சிறியது. பின்சக்கரம், இருக்கைக் குழாய், பாட்டம் பிராக்கெட் (பெடல்களின் அச்சு சுழலும் இடம்) ஆகியவற்றை இணைக்கும் பின்முக்கோணம் எந்தப் பொருளில் செய்தாலும் மேலிருந்து வரும் சுமைக்கு மிகக் குறைவாகவே அமிழும். முக்கோண அமைப்பின் இயல்பு அது. டயர் அதைப் போலப் பல மடங்கு அமிழ்கிறது. இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டும், குறிப்பாக 27.2 மி.மீ. விட்டமுள்ள கார்பன் சீட் போஸ்ட் போதுமான நீளத்துக்கு வெளியே நீட்டியிருந்தால், நன்றாகவே வளைந்து கொடுக்கிறது.

அதற்காக ஃபிரேமுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாலையின் நுண்ணிய அதிர்வு டைட்டானியத்தில் சற்று அடங்கி வருவதாக நெடுந்தூர ஓட்டங்களில் எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியுமா என்று கேட்டால் நான் உறுதி சொல்ல மாட்டேன். சுகத்துக்காக ஃபிரேம் மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஃபிரேமில் எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பதே. என் பழைய கார்பன் ஃபிரேமில் 30 மி.மீ. டயர் அரிதாகவே நுழைகிறது; சக்கரம் சிறிது கோணினாலும் உட்பக்கத்தில் உரசும். டைட்டானியம் ஃபிரேமைச் செய்யச் சொன்னபோது 35 மி.மீ. டயருக்கு இடம் விடச் சொன்னேன். அந்த மாற்றத்தால் வந்த சுகத்தை உலோகத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட விஷயத்துக்கு வருகிறேன். மழை ஓய்ந்த ஒரு காலையில், ஈரமான வளைவொன்றில் மெதுவாகவே திரும்பியபோது முன்சக்கரம் வழுக்கி வண்டி கீழே விழுந்தது. எனக்குச் சிராய்ப்புகள் மட்டுமே. விழுந்த வேகத்தில் ஹேண்டில்பார் சுழன்று, பிரேக் லீவரின் முனை மேல்குழாயில் இடித்திருந்தது. கார்பன் ஃபிரேமின் மேல்குழாய் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன் உடையது. மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து பின்னாகவும் வரும் சுமைகளுக்காக அடுக்கப்பட்டது. இப்படிப் பக்கவாட்டில் ஒரு புள்ளியில் விழும் குத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. வெளியே தெரிந்ததெல்லாம் விரல்நகத்தின் அளவுக்குப் பெயின்ட் உதிர்ந்த ஒரு தடம். விரலால் அழுத்தினேன், அமுங்கவில்லை. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். நல்ல பகுதி கணீரென்றும், தடத்தைச் சுற்றியுள்ள பகுதி சற்று மந்தமாகவும் ஒலித்தன. ஆனால் சுவரின் தடிமன் மாறும் இடங்களிலும் ஒலி மாறும் என்பதால், தட்டிப் பார்க்கும் சோதனை சந்தேகத்தை எழுப்பப் பயன்படுமே தவிர அதைத் தீர்க்கப் பயன்படாது.

நான் செய்த சரியான காரியம், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, கார்பன் பழுதுபார்ப்பையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் ஃபிரேமை அனுப்பியதுதான். அவர் மீயொலிக் கருவியால் அடிபட்ட பக்கத்தையும், அதே இடத்துக்கு நேரான மறுபக்கத்தையும் அளந்து ஒப்பிட்டார். பெயின்ட் உதிர்ந்த இடத்தைப் போலப் பல மடங்கு பரப்பில் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருந்தன. அடுக்குகள் பிரிந்த பகுதியில் இழைகள் அறாமல் இருந்தாலும், அவை ஒன்றாகச் சுமையைத் தாங்குவதில்லை. தனித்தனியே வளைந்து, ஒவ்வொரு குலுக்கலிலும் பிரிவு மேலும் பரவும். எவ்வளவு காலத்தில், எந்தக் குழியில் அது முறியும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அலுமினியமோ எஃகோ வளைந்து காட்டும் நிலைகளில் கார்பன் வளையாமல் நின்று, எல்லை கடந்ததும் ஒரேயடியாக உடைகிறது என்பதே அதில் எனக்கு இருக்கும் ஒரே அச்சம்.

கார்பனைப் பழுதுபார்க்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பழுதான அடுக்குகளைத் தேய்த்து நீக்கி, விளிம்புகளைப் படிப்படியாகச் சரித்து, முதலில் இருந்த கோணங்களிலேயே புதிய இழைகளை அடுக்கி, அழுத்தத்தில் வைத்துச் சூடாக்கி இறுக வைக்கிறார்கள். அந்தச் சரிவு போதிய நீளம் இருப்பதுதான் வேலையின் உயிர். நேராக வெட்டிய குழியின் மேல் ஒட்டுப்போட்டால் விளிம்பில் சுமை குவிந்து மீண்டும் பிரியும். என் ஃபிரேம் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ஓடுகிறது. பழுதுபார்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் மீயொலிச் சோதனை செய்வாரா, முதல் அடுக்குகளின் கோணங்களை எப்படிக் கண்டறிவார். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை வராவிட்டால் ஃபிரேமை ஒப்படைக்காதீர்கள். வேறொருவர் பழுதுபார்த்த ஃபிரேமுக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது. சில நிறுவனங்கள் விபத்துக்குப் பின் தள்ளுபடியில் புது ஃபிரேம் தருவதுண்டு. அந்த ஏற்பாடு இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு, முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

ஃபிரேம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆன அந்த இடைவெளியில்தான் டைட்டானியத்தைப் பற்றித் தீவிரமாக யோசித்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. என் கால்கள் நீளம், உடற்பகுதி குட்டை. கார்பன் ஃபிரேம் அச்சில் வார்க்கப்படுவதால் ஐந்தாறு அளவுகளில்தான் கிடைக்கும். எனக்குப் பொருந்தும் நீளமுள்ள ஃபிரேமில் முன்பக்கம் தாழ்ந்திருக்கும் என்பதால், ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) அடியில் வளையங்களை அடுக்கி ஹேண்டில்பாரை உயர்த்தியே ஓட்டி வந்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து ஸ்டெம் வரை மேலெழும் கார்பன் ஸ்டியரர் குழாயில் இப்படி எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்க முடியாது. தயாரிப்பாளர்கள் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். குழாய்களை வெட்டிப் பற்றவைக்கும் டைட்டானியத்தில், ஸ்டியரர் நுழையும் தலைக்குழாயை வேண்டிய நீளத்துக்கே செய்துவிடலாம். உடலளவு வழக்கத்திலிருந்து விலகியவர்களுக்கு டைட்டானியத்தின் மிகப் பெரிய பயன் இதுதான். கடையில் நிற்கும் அளவுகளில் ஒன்று உங்களுக்கு நன்றாகப் பொருந்தினால் இந்தப் பயன் உங்களுக்கு இல்லை; காத்திருக்கும் மாதங்களும் தேவையில்லை.

டைட்டானியம் ஃபிரேமின் தரம் பற்றவைப்பில் இருக்கிறது. சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடையும். அதனால் பற்றவைக்கும்போது இணைப்பின் வெளிப்புறத்தை மட்டுமன்றிக் குழாயின் உட்புறத்தையும் ஆர்கான் வாயுவால் நிரப்ப வேண்டும். பற்றவைத்த இடம் வெள்ளியாகவோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருந்தால் பாதுகாப்பு சரியாக இருந்தது என்று பொருள். ஆழ்ந்த நீலம் சந்தேகத்துக்குரியது. சாம்பல் நிறமோ வெள்ளைப் பொடியோ படிந்திருந்தால் அந்த இணைப்பு கெட்டது. விற்பனைக்கு வரும் ஃபிரேம் தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கும் என்பதால் இந்த நிறங்கள் மறைந்துவிடும். அலை அலையாக அழகாக அமைந்த பற்றவைப்பு கைத்திறனைக் காட்டுமே தவிர உட்புறம் எப்படிக் காக்கப்பட்டது என்பதைக் காட்டாது. ஆகவே மெருகேற்றுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கினேன். கேட்டதும் தயங்காமல் அனுப்பும் தயாரிப்பாளரிடம் செய்யச் சொல்லுங்கள். ஃபிரேம் வந்ததும் பின்சக்கரம் நடுவில் நிற்கிறதா, டிஸ்க் பிரேக் அமரும் பரப்புகள் சமமாக இருக்கின்றனவா, பாட்டம் பிராக்கெட்டின் மரை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பாகங்களைப் பூட்டத் தொடங்க வேண்டும்.

பாட்டம் பிராக்கெட்டைப் பற்றித் தனியாக ஒரு சொல். பல கார்பன் ஃபிரேம்களில் பெயரிங்கை மரையின்றி அழுத்திப் பொருத்துகிறார்கள். துளையின் அளவு நூலிழை பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். என் கார்பன் வண்டியில் இந்தச் சத்தத்தோடு நெடுநாள் போராடியிருக்கிறேன். டைட்டானியம் ஃபிரேமில் மரையுள்ள பழைய முறையையே கேட்டு வாங்கினேன், இதுவரை சத்தமில்லை. இன்று மரையுள்ள கார்பன் ஃபிரேம்களும் வருகின்றன. இரண்டு கார்பன் ஃபிரேம்களுக்கிடையே தயங்குபவர்கள் நூறு கிராம் வேறுபாட்டைவிட இதற்கு மதிப்புக் கொடுக்கலாம்.

டைட்டானியம் அழியாதது, வாழ்நாள் முழுவதும் வரும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். துருப்பிடிக்காது என்பது உண்மை. வியர்வையும் மழையும் அதைத் தொடுவதில்லை. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சுமையை எண்ணற்ற முறை தாங்கும் என்பதும் ஏறத்தாழ உண்மை. ஆனால் பற்றவைப்பின் ஓரத்திலோ, வெட்டுவாயிலோ, துளையின் விளிம்பிலோ சுமை குவிந்தால் அங்கே விரிசல் விடும். என்னோடு ஓட்டும் ஒருவரின் ஃபிரேமில், இருக்கைக் குழாயின் மேல்முனையில் உள்ள பிளவின் அடியிலிருந்து விரிசல் தொடங்கியது. சீட் போஸ்ட் உள்ளே போதிய ஆழம் போகாமல், மேல்குழாய் சேரும் இடத்துக்கு மேலேயே நின்றதுதான் காரணம். மிதிக்கும்போது எழுந்த மெல்லிய சத்தத்தைத் தேடிப் போனபோது, துடைத்த பின்னும் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றிய கறுப்புக் கோடாக அது கண்ணில் பட்டது. டைட்டானியத்தில் விரிசல் பொதுவாக மெதுவாக வளரும், வெளியே தெரியும், சத்தம் கொடுக்கும். ஆர்கான் முறையில் பற்றவைக்கத் தெரிந்த ஒருவர் விரிசலின் முனையில் துளையிட்டுப் பரவலைத் தடுத்து, அதைச் சரிசெய்து கொடுத்தார். நான் டைட்டானியத்தை நெடுந்தூரப் பயணங்களுக்கு எடுத்துச் செல்வதன் காரணம் இதுதான்: இரவில் எங்கோ தங்கும் இடத்தில் ஒரு விளக்கும் ஒரு துணியும் இருந்தால் ஃபிரேமின் நிலையை நானே ஓரளவு அறிந்துகொள்ள முடிகிறது.

வண்டியைக் கழுவும்போது பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். டைட்டானியத்தில் தலைக்குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடத்தின் அடிப்பகுதி, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய பற்றவைப்புகள், பின் டிராப்அவுட், புட்டி தாங்கியின் திருகுத் துளைகள், இருக்கைக் குழாயின் பிளவு. கார்பனில் இவற்றோடு, செயின் கழன்று விழும்போது அடிபடும் வலது பின்குழாயின் உட்புறம், ஹேண்டில்பார் இடிக்கக்கூடிய மேல்குழாயின் பக்கங்கள், டயர் தெறிக்கும் கற்கள் படும் கீழ்க்குழாயின் அடிப்பக்கம். பெயின்ட்டில் உள்ள கீறல் எல்லாமே ஃபிரேமின் விரிசல் அன்று. ஆனால் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கோடு, அழுத்தினால் நெகிழும் இடம், திடீரென்று தோன்றிய உப்பல் ஆகிய மூன்றையும் அலட்சியம் செய்யக்கூடாது.

பாகங்களைப் பூட்டும் முறையிலும் இரண்டும் வேறுபடுகின்றன. கார்பனில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் திருகுச்சாவி) இல்லாமல் ஒரு திருகையும் நான் தொடுவதில்லை. ஸ்டெம், சீட் போஸ்ட் திருகுகளில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கும், அது மேல்வரம்பு. சீட் போஸ்ட் வழுக்கினால் இன்னும் இறுக்காமல், மணற்பொடி போன்ற துகள் கலந்த கார்பன் பசையைப் பூச வேண்டும். வண்டியைப் பழுதுபார்க்கும் தாங்கியில் மாட்டும்போது சீட் போஸ்ட்டைப் பிடிக்க வேண்டும். மேல்குழாயைப் பிடித்தால் தாங்கியின் பிடியே அதை நசுக்கக்கூடும். காரின் கூரையில் பொருத்தி, குழாயை இறுக்கிப் பிடிக்கும் தாங்கிகளுக்கும் இது பொருந்தும். டைட்டானியத்தில் சிக்கல் மரைகளில். டைட்டானியத்தின் மேல் உலோகம் உராய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கடித்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு மரையிலும், அப்படி ஒட்டுவதைத் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை கட்டாயம். அலுமினிய சீட் போஸ்ட்டை டைட்டானியக் குழாய்க்குள் பசையில்லாமல் விட்டால், ஈரம் புகுந்து அலுமினியம் அரிக்கப்பட்டு, பிறகு கழற்றவே முடியாமல் இறுகிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துப் பூசி மீண்டும் வைக்கிறேன். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே அரிப்பு உண்டு. என் கார்பன் ஃபிரேமின் புட்டி தாங்கித் திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பலர் மறந்துவிடும் ஒன்று: டைட்டானியம் ஃபிரேம் வாங்கினாலும் அதன் முன் ஃபோர்க் ஏறக்குறைய எப்போதும் கார்பன்தான். எடையும் விறைப்பும் கருதி அப்படித்தான் செய்கிறார்கள். ஃபிரேம் எவ்வளவு அடி தாங்கினாலும், நேருக்கு நேர் மோதினால் முதலில் சுமை ஏறுவது ஃபோர்க்கின் மேல். விபத்துக்குப் பிறகு ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டெம் பிடிக்கும் இடத்தையும் கீழ் பெயரிங் அமரும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் ஃபோர்க்கைப் பழுதுபார்க்காமல் மாற்றிவிடுவதே என் வழக்கம். முன்னால் உடைந்தால் விழாமல் தப்புவதற்கு வாய்ப்பில்லை.

பழைய ஃபிரேம் வாங்குவதானால் என் தேர்வில் ஐயமே இல்லை. முதல் உரிமையாளரை நன்கு அறிந்திருந்தால் ஒழிய, மீயொலிச் சோதனை செய்யாத பழைய கார்பன் ஃபிரேமை வாங்க மாட்டேன். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய கார்பன் ஃபிரேமைச் சோதனை செய்திருந்தாலும் வாங்க மாட்டேன். பெயின்ட் இல்லாத பழைய டைட்டானியம் ஃபிரேமைப் பாகங்களைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம் பார்த்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். மேலோட்டமான கீறல்களைத் தேய்க்கும் நாரால் ஒரே திசையில் தேய்த்தால் மறைந்துபோகும். குழாயில் பள்ளம் இருந்தால் அதை நிமிர்த்த முயல வேண்டாம். கூர்மையான மடிப்பு இல்லாத ஆழமற்ற பள்ளமானால் அப்படியே ஓட்டலாம், பற்றவைப்புக்கு அருகில் இருந்தால் தயாரிப்பாளரைக் கேட்காமல் ஓட்டக்கூடாது.

போட்டியில் ஓடுபவர், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை மாற்றுபவர், சமதளத்தில் வேகத்தை நாடுபவர், அளவு கச்சிதமாகப் பொருந்துபவர் ஆகியோருக்குக் கார்பன். ஒரே ஃபிரேமை நெடுங்காலம் வைத்திருக்க விரும்புபவர், ரயிலிலும் பேருந்திலும் வண்டியை ஏற்றிப் பயணம் செய்பவர், சோதனைக் கருவிகளும் கார்பன் பழுதுபார்ப்பவரும் எட்டாத இடத்தில் இருப்பவர், வழக்கமான அளவுகளில் பொருந்தாதவர் ஆகியோருக்கு டைட்டானியம். என்னளவில், ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் டைட்டானியத்தை வைத்துக்கொள்வேன். வேகமாக ஓட்டும் நண்பர்களோடு போகும் நாளில் கார்பனைத்தான் எடுப்பேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் துள்ளலில் எனக்கு இன்றும் ஆசை குறையவில்லை.

இரண்டையும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் சக்கரங்களைக் கையோடு கொண்டுபோய் இரண்டிலும் அவற்றையே பொருத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் டயரின் அகலத்தையும் காற்றழுத்தத்தையுமாவது சமமாக்குங்கள். இருக்கையின் உயரம், இருக்கையின் முனையிலிருந்து ஹேண்டில்பார் வரையிலான தொலைவு, தரையிலிருந்து ஹேண்டில்பாரின் உயரம் ஆகிய மூன்றையும் உங்கள் இப்போதைய வண்டியில் அளந்து எழுதிச் சென்று, சோதனை வண்டிகளிலும் அதே அளவுகளை வைக்கச் சொல்லுங்கள். கடை வாசலில் ஒரு சுற்று போதாது. கரடுமுரடான சாலையும், எழுந்து நின்று மிதிக்கும் ஓர் ஏற்றமும், கையைத் தளர்த்திப் பிடித்து இறங்கும் ஓர் இறக்கமும் வரும் பாதையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முதல் பத்து நிமிடங்களில் தோன்றுவதைக் கணக்கில் கொள்ளாமல், கடைசி இருபது நிமிடங்களில் கழுத்தும் உள்ளங்கையும் இடுப்பும் என்ன சொல்கின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அடுத்த வண்டியில் அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள்.